தொட்டியைப் பற்றிச் சொன்னீர்களா

மே 3, ஞாயிறு

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். உன் இடது கால் செருப்பு தொலையவில்லை. நான்தான் வெங்காய மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். செருப்பு இல்லாமல் எப்படிப் போவாள், தேடிக்கொண்டே இருப்பாள், அதற்குள் கோபம் இறங்கி ஒரு வாய் டீ குடிப்பாள் என்று நினைத்தேன். நீ ஒரு காலில் உன் செருப்பும் மறு காலில் எங்கள் குளியலறை ரப்பர் செருப்பும் மாட்டிக்கொண்டு, கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. செருப்பு பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் வெங்காய வாசம் அடிக்கும்.

இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? ஆறு தடவை போன் பண்ணினேன். ஆறு தடவையும் கட் பண்ணினாய். "இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினா நான் மனுஷியே இல்ல" என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. உன் சத்தியத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? படிப்பதும் எழுதுவதும் பேச்சில் சேராது. உங்கள் ஊரிலிருந்து எங்களுக்குக் காய் ஏற்றி வரும் லாரி டிரைவர், திரும்பிப் போகும்போது இதை உன்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் எழுதுவது. பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

இப்போது உட்கார்ந்து படி. உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை உடம்பெல்லாம் வலி, தலை வலி என்றார். மூட்டை இறக்குகிற நாள் பார்த்துத்தான் இவருக்கு வலிக்கும் என்று கிண்டல் பண்ணினேன். புதன்கிழமை காய்ச்சல் கொதித்தது, கூடவே வறட்டு இருமல். வயிறும் கெட்டுப்போய் நாலு தடவை போனார். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறார். "தண்ணி" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு இழுத்து, "கொடு" என்றார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருக்கிறது. நிமோனியா என்றார்கள். ஊசி போடுகிறார்கள், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட்ட அண்ணி


மே 4, திங்கள்

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதுவது பேச்சில் சேராது என்ற உங்கள் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த ரப்பர் செருப்பு ஒன்பதாம் நம்பர். என் கால் ஐந்து. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மடங்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. இல்லையென்றால் கடிதம் கிடைத்த அடுத்த பஸ்ஸில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். சொல்லிக் காட்டவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

இங்கே நான் வேலை பார்க்கும் நீச்சல் குளத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளோரின் அளவு மட்டும் பார்க்கிறேன். மற்றதைக் காவலாளி பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் குப்பை அள்ளுகிற வலையைப் பிடிக்கத் தெரியவில்லை. அது வேறு விஷயம்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, அண்ணனுக்குச் சளி வருகிறதா, வந்தால் என்ன நிறம்?

இரண்டு, நினைவு தெளிவாக இருக்கிறதா?

மூன்று, கீரை வாடாமல் இருக்கப் பனி மாதிரி தண்ணீர் தூவுகிற உங்கள் மெஷினின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா?

நான் அந்தத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, வழுவழுவென்று பாசி இருக்கிறது, கொட்டிக் கழுவுங்கள் என்றேன். நீங்கள் வாடிக்கையாளர்கள் முன்னால், "உன் குளத்துல போய்க் கழுவு" என்றீர்கள். அதற்காகக் கேட்கவில்லை. எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினபோது ஒன்று சொன்னார்கள். வெதுவெதுப்பான தேங்கின தண்ணீரில் ஒரு கிருமி வளரும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீர் பனி மாதிரி தெறித்து மூச்சோடு உள்ளே போனால் நிமோனியா வரும்.

மூன்றாவதற்கு மட்டும் பதில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
நாத்தனார்


மே 5, செவ்வாய்

என் நொண்டி நாத்தனாருக்கு,

உன் கால் விஷயத்தைப் படித்தேன். உன்னை ஒரு டீ குடிக்க வைக்கப் போய் எலும்பை உடைத்துவிட்டேனே. நீ வந்து என் காலில் அந்த ஒன்பதாம் நம்பராலேயே நாலு போடு. நான் காட்டுகிறேன்.

உன் முதல் கேள்விக்குப் பதில்: சளி அவ்வளவாக வரவில்லை. வறட்டு இருமல்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். அவருக்கும் நிமோனியாதான். அவருக்குத் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் நிறத்தில் சளி வந்தது. கட்டில் ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம், மூச்சு இழுத்தால் விலாவில் குத்தல். அதே வார்டு, அதே ஊசி. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, மூன்றாம் நாள் சாப்பாடு எங்கே என்று நர்ஸிடம் சண்டை போட்டார். நம்மவர் ஐந்தாம் நாளாக அதே ஊசியில் அப்படியே கிடக்கிறார்.

"ஒரே நோய், ஒரே மருந்து, அவரு சண்டை போடறாரு, இவரு ஏன் படுத்தே இருக்காரு?" என்று சின்ன டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். சின்ன டாக்டர் என்றால் குதிரைவால் போட்ட ஒரு பெண். நம் வீட்டுப் பெண் மாதிரி பேசுகிறாள்.

"ஒரே நோய் இல்லம்மா," என்றாள். "நுரையீரல்ல குட்டிக் குட்டியா காத்துப் பைகள் இருக்கு. அதுக்குள்ள காத்துக்குப் பதிலா சீழும் நீரும் நிறைஞ்சா நிமோனியான்னு சொல்றோம். நிறைச்சது யாருங்கிறதுதான் விஷயம். பாக்டீரியான்னா ஒரு மருந்து. ஃப்ளூ மாதிரி வைரஸ்னா இந்த ஊசி எதுவும் அதைத் தொடாது. அதுக்குத் தனி மருந்து இருந்தா கொடுப்போம், இல்லன்னா ஆக்சிஜன் கொடுத்து உடம்பு ஜெயிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடிப்போம்."

கதவோரக் கட்டிலில் ஒரு பழைய தலைமையாசிரியர். வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். சாப்பாடு தொண்டையில் வழி தவறி நுரையீரலுக்குள் போய், அதனால் வந்த நிமோனியா. அவருடைய மருமகள் படுக்கவைத்தே ஊட்டிக்கொண்டிருந்தாளாம். இப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கீழே இறக்கி, கஞ்சியைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று மாலையில் ஒரு தட்டச்சுக்காரப் பெண் எக்ஸ்ரே உறையோடு நடந்தே வந்தாள். மூன்று வாரமாக இருமிக்கொண்டே ஆபீஸ் போயிருக்கிறாள், அவளுக்கும் நிமோனியாவாம். அதில் ஒரு சாதுவான வகை உண்டாம். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற போக்கில் உன் அண்ணனைப் பார்த்து, "ஐயோ பாவம், அவருக்கு என்ன?" என்று கேட்டாள்.

இரண்டாவது கேள்வி. நினைவு அப்படி இப்படித்தான் இருக்கிறது. காலையில் போர்வையை மடித்து என்னிடம் நீட்டி, "ரெண்டு கிலோ இருக்கு, கொத்தமல்லி சும்மா வெச்சிருக்கேன்" என்றார். நர்ஸை வரிசையில் வரச் சொன்னார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதத் தாளில் இடம் இல்லை.

அண்ணி


மே 6, புதன்

அண்ணிக்கு,

கடைசித் தாளின் பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

நீங்கள் எதையாவது மறைக்கும்போது இரண்டு மடங்கு கிண்டல் பண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். நேற்றைய கடிதம் நாலு பக்கம்.

எங்கள் குளத்துத் தண்ணீரைச் சோதிக்க மாதாமாதம் ஒரு சுகாதார ஆய்வாளர் வருவார். அவரைப் போனில் பிடித்துக் கேட்டேன். வறட்டு இருமல், வயிற்றுப்போக்கு, உளறல், வழக்கமான ஊசிக்கு அசையாத காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். "தண்ணி தெளிக்கிற மெஷின் ஏதாவது பக்கத்துல இருந்துதா?" என்று அவரே கேட்டார். நான் கேட்கச் சொல்லவில்லை. அந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளுமாம். வழக்கமான ஊசி அங்கே போய்ச் சேராதாம். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். தாமதமானால் என்ன என்று கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரே அண்ணன். உங்களுக்கு ஒரே வீட்டுக்காரர். சரி யார், தப்பு யார் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேண்டுமானால் நான்தான் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாளை காலை எட்டு மணிக்குப் போன் பண்ணுவேன். பேச மாட்டேன். நீங்கள் எடுத்து அண்ணன் பக்கத்தில் பிடித்தால் போதும்.

நாத்தனார்


மே 7, வியாழன்

நாத்தனாருக்கு,

சொல்லிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். இனி நிதானமாகப் படி.

எட்டு மணிக்கு உன் போன் வந்தது. "வெச்சிருக்கேம்மா, கேளு" என்று சொல்லி அவர் வாயில் மாட்டியிருக்கிற ஆக்சிஜன் மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீ கேட்டதை நானும் கேட்டேன். ஆக்சிஜன் உஸ்ஸென்று போகிற சத்தம், அதற்குள் அவர் மூச்சு அவசர அவசரமாக ஓடுகிற சத்தம். சுவரில் கடிகாரம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு முப்பத்துநாலு. என்னுடையதை எண்ணினேன், பதினெட்டு. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாய். அது சத்தியத்தில் சேருமா என்று தெரியாது, நான் கேட்காத மாதிரி வைத்துக்கொள்கிறேன். அவர் கண்ணைத் திறந்து, "யாரு, பீன்ஸ் கேட்டவங்களா?" என்றார். அப்போதுதான் நீ போனை வைத்தாய்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சின்ன டாக்டர் கேட்டாள், "கடையிலயோ வீட்டுலயோ பெரிய ஏசி, ஷவர், தண்ணி தெளிக்கிற மெஷின் ஏதாவது இருக்காம்மா?" என்று. "அதெல்லாம் எங்களுக்கு ஏதும்மா" என்று சொல்லிவிட்டேன். பஸ் டிரைவரின் சம்சாரம் நம்மிடம் கீரை வாங்குகிறவள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மார்க்கெட்டிலேயே பனி தூவுகிற கடை நம்முடையது ஒன்றுதான் என்று நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன், உனக்கே தெரியும். அதுவும் போகட்டும். நீ சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அதுதான் தொண்டையில் நின்றது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ போன மறுநாள், நீ திரும்பி வந்து மறுபடி விரல் விட்டுப் பார்த்தால் என்ன செய்வது என்று, அந்தத் தொட்டியைத் தூக்கிக் குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அந்தப் பெட்டியின் மோட்டார் நாள் முழுக்கச் சூடு கக்கும். உனக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று நானே அந்தக் கிருமிக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் அண்ணனோ கோடைக்கு இதமாக இருக்கிறதென்று, தராசை அந்தக் குழாய் வாய்க்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி வேறு, சிகரெட் வேறு. நான் வெளியே நின்று கூவி விற்கிறவள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் போன் முடிந்ததும் சின்ன டாக்டர் வந்தாள்.

"டாக்டர், நீங்க அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். இருக்கு."

"என்ன இருக்கு?"

"தொட்டி."

எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் சம்சாரத்துக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தத் தண்ணி கடைசியா எப்பம்மா மாத்தினீங்க?"

"மாத்தினதில்ல. குறையக் குறைய ஊத்துவோம்."

"தொட்டுப் பார்த்தா எப்படி இருக்கும்?"

"குழந்தையைக் குளிப்பாட்டலாம்."

திட்டுவாள் என்று குனிந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, "இப்பவாவது சொன்னீங்களே, இதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். சளியைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், சிறுநீரைப் பிடித்துப் போனார்கள். அதிலேயே அந்தக் கிருமியின் அடையாளம் தெரியுமாம். முடிவு வருவதற்குக் காத்திருக்காமல் புது மருந்தை ஏற்றிவிட்டார்கள். பத்தரை மணிக்கு முடிவும் வந்தது. அதேதான்.

மருந்தின் பேரைப் பாட்டிலைப் பார்த்து எழுதுகிறேன்: லெவோஃப்ளாக்சசின். வாயில் நுழையவில்லை, அவர் ரத்தத்தில் நுழைந்தால் சரி. இரண்டு மூன்று நாளில் தெரியும் என்றார்கள்.

உன் தப்பு ஒன்றும் இல்லை. கையெழுத்து வேண்டாம்.

அண்ணி


மே 8, வெள்ளி

அண்ணிக்கு,

லாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மாவுக்கட்டோடு ரோட்டோரத்தில் போய் நின்றேன். டிரைவர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல சேதியாக்கா?" என்று கேட்டார். முதல் வரியைப் படித்துவிட்டு ஆமாம் என்றேன்.

நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொட்டியில் பாசி என்று நான் சொன்ன விதம் தப்பு. கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். நான் பயிற்சிச் சான்றிதழ் வாங்கின பெருமையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினேன். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருந்தால் நீங்களே அன்று மாலை தொட்டியைக் கவிழ்த்திருப்பீர்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சத்தமாகச் சொன்னேன்.

இனி செய்ய வேண்டியது. மெஷின் பக்கம் யாரும் போகக் கூடாது. ஸ்விட்சைப் போடக் கூடாது. உங்கள் ஊர் சுகாதார ஆபீஸில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடமும், அடிக்கடி வந்து நிற்கிறவர்களிடமும் காய்ச்சல் இருமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆனால் அதே பனியை அவர்களும் மூச்சிழுத்திருப்பார்கள். வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட்டதால் வந்த வினை போதும்.

அண்ணன் படுத்தே கிடக்காமல் முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரட்டும். தொடுவதற்கு முன்னால் கை கழுவுங்கள். ஆஸ்பத்திரியிலேயே பிடிக்கிற நிமோனியாவும் உண்டாம், அது லேசில் மருந்துக்கு அடங்காதாம்.

நேற்று நான் மூக்கை உறிஞ்சவில்லை. இங்கே குளோரின் நெடி.

நாத்தனார்


மே 10, ஞாயிறு

குளோரின் நெடி நாத்தனாருக்கு,

உன் அண்ணன் இன்று காலை என்னைத் திட்டினார்.

டீயில் சர்க்கரை இல்லையாம். ஒரே மூச்சில் திட்டினார், நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. அவர் திட்டி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன், சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை காய்ச்சல் அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமை விடிகிறபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தார். எனக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. அப்புறம் பார்த்தால் குறட்டை. நர்ஸ் வந்து, "வேர்த்துக் கொட்டியிருக்கு, ஜுரம் இறங்குதும்மா, நல்லதுதான்" என்றாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ அழுதாயா என்று கேட்காதே. தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்று மூச்சு இருபத்திரண்டு. ஆக்சிஜனைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கண் தெளிந்ததும் முதல் கேள்வி, "கடைல யாரு இருக்கா?" என்றார். பக்கத்துக் கடைப் பூண்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்றேன். "அவனுக்குக் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதே" என்றார். நர்ஸை வரிசையில் நிற்கச் சொன்ன கதையைச் சொன்னேன். நம்பவில்லை. வார்டே சாட்சி சொன்னது.

நீ சொன்னபடியே சனிக்கிழமை சுகாதார ஆபீஸுக்குப் போனேன். அவர்கள் கண்டுபிடித்து வருவதற்கு முன்னால் தானாக வந்து சொன்ன முதல் ஆள் நான்தானாம், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் முகமூடி கையுறையோடு வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மெஷினைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். தொட்டியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உன் விரலுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் வாடிக்கையாளர் வீடு வீடாகப் போனேன். "இருமல் இருக்கா, ஜுரம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும், "இல்லியே, ஏன், புதுசா மருந்து விக்கறீங்களா?" என்கிறார்கள். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். மற்ற கடைக்காரர்கள் இட்டுக்கட்டிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மேல். முடிதிருத்துகிறவர் ஒருவருக்கு மட்டும் இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்தது. கையோடு சின்ன டாக்டரிடம் கூட்டிப் போனேன். சோதித்துவிட்டு, வெறும் சளி, வீட்டுக்குப் போங்கள் என்றாள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். கடைக் கூட்டம் கொஞ்சம் குறையும். குறையட்டும். பஸ் டிரைவர் சம்சாரம் நேற்றே வந்து இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிப் போனதாகக் கேள்வி.

நேற்று வந்த கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, சத்தமாகச் சொன்னது தப்பு என்று. சத்தமாகச் சொன்னதால்தான் எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததால்தான் மறக்காமல் இருந்தது. காதில் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். ஆகையால் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணி


மே 14, வியாழன்

அண்ணிக்கு,

நேற்று அண்ணனோடு போனில் பதினோரு நிமிஷம் பேசினேன். குரல் கம்மியிருக்கிறது, ஆனால் அதே வம்பு. "உங்க அண்ணி பக்கத்துல நிக்கறா, குடுக்கட்டுமா?" என்றார். "அண்ணிகிட்ட சொல்லுண்ணா, மருந்தை நாள் தவறாம கொடுக்கச் சொல்லு" என்றேன். அவர் சொன்னார். நீங்கள், "அவகிட்ட சொல்லுங்க, நான் ஒண்ணும் குழந்தை இல்ல" என்றீர்கள். அவரும் சொன்னார். இப்படியே நாலு தடவை போனபின், "நான் என்ன தபால்காரனா?" என்று போனை வைத்துவிட்டார். அவ்வளவு வேகமாகப் போனை வைக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நன்றாகிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள். அசதி ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும், அதை நோய் திரும்பிவிட்டதென்று பயப்பட வேண்டாம். சிகரெட் பெட்டி கடையில் தராசுக்கு அடியில் ஒன்று, வீட்டில் பழைய ரேடியோவுக்குள் ஒன்று இருக்கும். சின்ன வயசிலிருந்தே அவர் எதை எங்கே ஒளிப்பார் என்று எனக்குத் தெரியும்.

நாத்தனார்


ஜூன் 21, ஞாயிறு

என் அருமை நாத்தனாருக்கு,

போன வாரம் நீ போனில் வாய் தவறி, "அண்ணி, எப்படி இருக்கீங்க?" என்று நேராக என்னிடமே கேட்டுவிட்டாய். எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் நாம் முக்கால் மணி நேரம் பேசியதில் நீ இன்னும் மனுஷிதான் என்பது உறுதியாகிவிட்டது. இருந்தாலும் கடிதத்தை நிறுத்தாதே. லாரி டிரைவர், "இன்னிக்கு ஒண்ணும் இல்லியாம்மா?" என்று ஏக்கமாகக் கேட்கிறார்.

ரேடியோவைக் கழற்றினேன். இரண்டு பெட்டி இருந்தது. உன் அண்ணன், "இதை யாரு வெச்சது?" என்று என்னைக் கேட்டார். இன்றோடு ஐம்பத்தோரு நாளாகச் சிகரெட் இல்லை. வாயில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேரட் கடிக்கிறார். கடையில் கேரட் நிற்பதில்லை.

மெஷின் திரும்பி வந்தது. சுத்தம் பண்ணி, வாரம் ஒருமுறை கழுவிக் குளோரின் போட்டால் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் வேண்டாமென்று பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கீரைக்குக் கையால் தண்ணீர் தெளிக்கிறேன். கீரை ஒன்றும் சொல்லவில்லை.

புது மருந்து ஏற்றி ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள், நேற்றுப் போனோம். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல் பத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். சின்ன டாக்டர் தன் கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க, அன்னிக்கு இவ்வளவு வெள்ளை. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஆயிடுச்சு," என்றாள். கையோடு நிமோனியா வராமல் இருக்கிற தடுப்பூசியையும் போட்டுவிட்டாள். இது எல்லா வகைக்கும் கேடயம் இல்லை, அந்தத் தொட்டி வகைக்குத் தடுப்பூசி கிடையாது, அதற்குத் தொட்டியைக் கழுவுவதுதான் வழி என்றும் சொன்னாள். உன் அண்ணன் ஆஸ்பத்திரிப் படியில் நிற்காமல் இரண்டு மாடி இறங்கினார். நான்தான் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

வரும்போது கவுன்டரில் படத்தை ஒரு பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். இன்று காலை அதைக் கடைக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்க, எங்க வீட்டுக்காரர் நுரையீரல், ஒரு புள்ளி கிடையாது" என்றேன். கோழிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். பஸ் டிரைவர் சம்சாரம் கண் கலங்கினாள். முடிதிருத்துகிறவர் தன் கடையில் ஒரு மணி நேரம் மாட்டி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மொத்தம் முப்பது பேருக்குக் குறையாமல் பார்த்தார்கள்.

மத்தியானம் பூண்டுக்காரர் வந்தார். அவருக்குப் போன வருஷம்தான் காலில் ஆபரேஷன் ஆனது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது முழங்கால் என்றார்.

உறையில் பேர் வேறு யாருடையதோ. நாளைக்குப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த முழங்காலிலும் கோளாறு ஒன்றும் இல்லை என்று பூண்டுக்காரர் சொன்னார்.

இப்படிக்கு,
அண்ணி